வார்த்தை இல்லாத கச்சேரி

பசியோடு பாடினார்கள் என்பதற்காக ஒரு பாட்டு நல்ல பாட்டாகிவிடாது. சுமத்ராவில், பலெம்பாங் முகாமில் ஜப்பானியர் அடைத்து வைத்திருந்த பெண்கள் 1943 டிசம்பர் 27ந் தேதி நடத்திய கச்சேரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பசியைத்தான் பேசுகிறார்கள்.

வாத்தியம் கிடையாது. சிலருக்கு ஆங்கிலம், சிலருக்கு டச்சு. மார்கரெட் டிரைபர்க் என்ற மிஷனரி மாது, நோரா சேம்பர்ஸின் துணையோடு, டிவோர்ஷாக்கின் சிம்பனிப் பகுதி ஒன்றை ஞாபகத்திலிருந்தே நாலு குரலுக்குப் பிரித்து எழுதினார். சாகித்யமே வேண்டாம், வெறும் அசைகள் போதும் என்று துணிந்தார்களே, அந்தத் துணிச்சலைத்தான் நான் கலை என்பேன். ஆலாபனை கேட்டு வளர்ந்த நமக்கு வார்த்தையில்லாத குரல் புதிதல்ல. முப்பது பேர் நாலு வழியாகப் போய் ஓரிடத்தில் வந்து சேர்வதுதான் புதிது. நீண்ட ஸ்வரத்துக்கு மூச்சு வேண்டும். அதற்குத்தான் அங்கே பஞ்சம்.

1945க்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்து, கச்சேரிகள் நின்றன. அந்த ஏப்ரலில் டிரைபர்கும் காலமானார்.

ஸ்வரம் எழுதிய ஏடுகள் 1980ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பக்கத்திலேயே 1966ல் தொடங்கிய பெனின்சுலா மாதர் கோஷ்டி அவற்றை எடுத்துப் பாடியது. வயிறார உண்ட குரல்கள். இசைத்தட்டில் கேட்டேன். இரண்டாந்தரம் கேட்கையில் முகாம் ஞாபகமே வரவில்லை. அடிக்குரல் எங்கே போய் நிற்கப் போகிறது என்பதிலேயே காது இருந்தது.