ஏற்றத்திற்கு முன் ஓர் இறக்கம்

தொழிலில் கைதேர்ந்தவரைப் பிறர்க்குத் தலைவராக்குதல் எங்கும் உள்ள வழக்கம். அதனைத் திறமைக்குரிய பரிசு என்பர். ஆயின், நல்ல பொறியியலாளர் ஒருவரை இழந்து, தலைமைக்குப் பழகாத ஒருவரைப் பெறுவதாகவும் அது முடிவதுண்டு. பணியில் பல்லாண்டு கழித்து இந்நிலையை எய்துவோர்க்கு வழிகாட்ட எழுந்த ஆங்கில நூல் ‘பிகமிங் எ டெக்னிக்கல் லீடர்’. 1986-இல் வெளிவந்த இதன் ஆசிரியர், அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் ஜெரால்டு வைன்பெர்க் (1933–2018).

தலைமை என்பது பதவியன்று; பிறர் ஆற்றல் வெளிப்படுதற்கேற்ற சூழலை ஆக்கும் செயலே என்பது நூலின் அடிப்படை. ஊக்குவித்தல், ஒழுங்குபடுத்தல், புதுக்கருத்து வழங்கல் என அச்செயலை அவர் மூன்றாக வகுக்கிறார். பொறியியலாளர் பெரும்பாலும் மூன்றாவதில் வல்லவர். முன்னிரண்டில் பயிற்சி குறைந்தவர்.

நூலின் உயிர்ப்பகுதி வளர்ச்சி பற்றியது. திறமை சீராக ஏறிக்கொண்டே போவதில்லை. ஒரு மேட்டில் நெடுநாள் நின்று, அடுத்த மேட்டை அடையுமுன் பள்ளத்தில் இறங்குகிறது என்கிறார். இது மெய்யே. தாமே வரைந்தும் கணக்கிட்டும் பழகியவர் அவ்வேலையை இளையவரிடம் ஒப்படைக்கும்போது, முதலில் வேலை தாமதமாகிறது, பிழை மிகுகிறது, அவருக்கோ கை துடிக்கிறது. பொறுக்கமாட்டாது வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டால் பழைய மேட்டுக்கே மீண்டுவிடுகிறார். வளர்ச்சியும் அத்துடன் நின்றுவிடுகிறது.

நூலின் குறையும் இவ்விடத்திலேயே தொடங்குகிறது. மாறுவதற்கு நேரம் காணுதலும் துணை தேடுதலும் பெரிதும் கற்பவரின் பொறுப்பாகவே பேசப்படுகின்றன. பதவி அளித்தவரின் பொறுப்புக்கு அத்துணை இடமில்லை. திருக்குறளின் 52-ஆம் அதிகாரமாகிய ‘தெரிந்து வினையாடல்’ வினையை ஒப்படைப்பவரை நோக்கியே பேசுகிறது. ஆளையும் வினையையும் காலத்தையும் ஆராய்தல், தக்கவரெனத் தெளிந்தபின் வினையை அவர்பால் விடுதல், அவரை அதற்கு உரியவராக்குதல் ஆகிய மூன்றும் அங்கே தலைவன் கடமைகள். தேர்ந்தெடுத்தலோடு கடமை முடிவதில்லை. உரியவராக்குதலும் வேண்டும் என்பதே கருதத்தக்கது.

புதிய பதவியைத் தந்துவிட்டுப் பழைய அளவுகோலால் அளக்கும் நிறுவனம், ஒருவரைப் பள்ளத்தில் இறக்கி ஏணியை எடுத்துவிடுகிறது. நல்லாசிரியரைத் தலைமையாசிரியராக்கும் பள்ளிக்கும் இவ்வுண்மை பொருந்தும். பள்ளம் உண்டென்று அஞ்சாது காட்டியது வைன்பெர்க் நூலின் பெருமை. ஏணி வைப்பது யார் கடன் என்பதை அறியக் குறளையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும்.