கோழை என்று ஒரு தலைப்புச் செய்தி

பழைய ஹாலிவுட் கேங்ஸ்டர் படத்தில் கடைசியில் யார் சாவான் என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். ஹீரோதான். போஸ்டரில் பெரிதாக முகம் போட்டிருக்கும் ஆள், முக்கால்வாசிப் படம் வரை ஊரையே ஆட்டிப் படைத்தவன், கடைசி அஞ்சு நிமிஷத்தில் குண்டடி பட்டுச் சாவான். இல்லையென்றால் மின்சார நாற்காலி. அப்புறம் எதுக்குங்க பார்க்கணும்?

எப்படிச் சாகிறான் என்று பார்ப்பதற்குத்தான். சாகணும் என்பது மேலிடத்து உத்தரவு. எந்த முகத்தோடு, எந்த உடம்போடு சாகிறான் என்பது மட்டும் நடிகன் கையில் இருந்தது. எட்வர்ட் ஜி. ராபின்சன், பால் முனி, ஜேம்ஸ் காக்னி மூன்று பேரும் இந்தச் சின்ன இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தப் படங்களின் சுவாரசியம்.

அந்த உத்தரவைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1930-ல் ஹாலிவுட் தனக்குத் தானே ஒரு ஒழுக்க விதித்தொகுப்பை எழுதிக்கொண்டது. அதை எழுதியதில் பெரும் பங்கு டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியாருடையது. பார்வையாளனின் அனுதாபம் குற்றவாளி பக்கம் சாயக்கூடாது என்பது அதன் அடிப்படை விதிகளில் ஒன்று. ஆனால் முதல் நாலு வருஷம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1934-ல் ஜோசப் ப்ரீன் என்ற கத்தோலிக்கர் பொறுப்புக்கு வந்த பிறகுதான் பிடி இறுகியது. நமக்குத் தெரிந்த மூன்று பெரிய கேங்ஸ்டர் படங்களும் இந்த இடைவெளியில் வந்தவை: 'லிட்டில் சீஸர்' (1931), 'தி பப்ளிக் எனிமி' (1931), 'ஸ்கார்ஃபேஸ்' (1932). மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கள்ளச்சாராயக் கும்பல்களின் செய்தி தினசரியில் வந்துகொண்டிருந்தபோதே அதைத் திரையிலும் பார்த்தார்கள்.

'லிட்டில் சீஸர்' ரிக்கோ எப்படி மாட்டுகிறான் என்று ஞாபகம் இருக்கிறதா? எல்லாம் போய், மலிவான விடுதியில் குடித்துவிட்டு ஒளிந்து கிடக்கிறான். பிடிக்க முடியாத போலீஸ்காரர் பத்திரிகைக்கு ஒரு செய்தி கொடுக்கிறார்: ரிக்கோ ஒரு கோழை. அவ்வளவுதான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்து ரிக்கோ போலீசுக்கே போன் போட்டுத் திட்டுகிறான். அழைப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து வந்து சுடுகிறார்கள். தன் பழைய கூட்டாளியின் நடன நிகழ்ச்சி விளம்பரப் பலகைக்குப் பின்னால் விழுகிறான். சாகும்போதுகூட இது ரிக்கோவின் முடிவா என்று தன்னைப் பெயர் சொல்லித்தான் கேட்டுக்கொள்கிறான்.

ராபின்சன் அந்த இடத்தில் செய்வது ரொம்பச் சின்ன விஷயம். குரலில் வலியைவிட ஆச்சரியம் அதிகம். ஏதோ கணக்கு தப்பிப்போன வியாபாரி மாதிரி. ருமேனியாவில் பிறந்து சிறுவனாக நியூயார்க் வந்த யூதர், நிஜ வாழ்க்கையில் ஓவியங்கள் சேகரித்த மனுஷன். முரடன் வேஷத்துக்கு உருவம் ஒத்துழைக்கவில்லை என்பதே அவருக்குப் பலமாகிவிட்டது. குள்ளமான ஒருவன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறான், அந்தப் பெயருக்குப் பங்கம் வந்ததும் செத்துப்போகிறான். இதை நாம் நம்புகிறோம்.

'தி பப்ளிக் எனிமி'யில் முதலில் நாயகனாகப் போட்டிருந்தது எட்வர்ட் வுட்ஸை. காக்னிக்கு நண்பன் வேஷம். இயக்குநர் வெல்மன் இரண்டையும் மாற்றிப் போட்டார். ஹாலிவுட் சரித்திரத்தில் இவ்வளவு லாபம் தந்த இடமாற்றம் கொஞ்சம்தான் இருக்கும். காக்னி வாட்வில் மேடைகளில் ஆடி வந்தவர். நடப்பதே பாதி நடனம், முன்பாதத்தில் உடம்பைத் தாங்கி எந்நேரமும் துள்ளத் தயாராக இருப்பார். மழையில் தனியாக எதிரிகளின் இடத்துக்குள் நுழைகிறான் டாம் பவர்ஸ். கேமரா உள்ளே போவதில்லை. சத்தம் மட்டும்தான் கேட்கிறது. வெளியே வருபவன் சாக்கடை ஓரத்தில் தடுமாறி விழுவதுவரை ஒரே லயம். கடைசியில் கட்டுப் போட்ட பிணமாக வீட்டு வாசலுக்கு வருகிறான். மாடியில் அம்மா படுக்கை தயார் பண்ணிக்கொண்டிருக்கிறாள், கிராமபோன் பாடுகிறது, அண்ணன் கதவைத் திறக்கிறான். நின்றபடியே இருந்த உடல் மரக்கட்டை மாதிரி முன்னால் சாய்ந்து விழுகிறது. படம் பூராவும் துள்ளிக்கொண்டிருந்த உடம்பு என்பதால்தான் அந்த விழுதல் நம்மை அடிக்கிறது. வேறொரு நடிகனாக இருந்திருந்தால் அது வெறும் பொம்மை.

'ஸ்கார்ஃபேஸ்' கதை இன்னும் வேடிக்கை. 'ஒரு தேசத்தின் அவமானம்' என்று துணைத்தலைப்பு ஒட்டவைத்தார்கள், ஒரு உபதேசக் காட்சியையும் நடுவில் செருகினார்கள். அதுவும் போதாமல் வேறொரு முடிவும் எடுக்கப்பட்டது. ஹாக்ஸ் எடுத்த முடிவில், தங்கை செத்த பிறகு முனியின் டோனி உடைந்துபோய்க் கெஞ்சுகிறான், பிறகு தப்பி ஓடப் பார்த்துத் தெருவில் சுடப்பட்டு விழுகிறான். மேலே 'உலகம் உன்னுடையது' என்று சுற்றுலா நிறுவனத்தின் விளக்குப் பலகை. மாற்று முடிவில் நீதிபதி கேமராவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார், தூக்குமேடை வருகிறது, கயிறு வருகிறது. ஆனால் முனி இல்லை. அவர் இல்லாமலேயே எடுத்த காட்சி அது, குற்றவாளியின் முகமே தெரியாது.

தணிக்கை விரும்பிய சுத்தமான சாவு அதுதான். அனுதாபம் சாய்வதற்கு அங்கே ஆளே இல்லையே! யாரும் அதை நினைவில் வைத்திருக்கவும் இல்லை. நடிகனை எடுத்துவிட்டால் நீதி மட்டும் மிஞ்சும், படம் மிஞ்சாது.

இப்போது 1938-க்கு வருவோம். ப்ரீன் வந்தாகிவிட்டது. காக்னியே நடுவில் 1935-ல் எஃப்.பி.ஐ. ஆளாக ''ஜி' மென்' படத்தில் நடித்து முடித்துவிட்டார். மைக்கேல் கர்டிஸின் 'ஏஞ்சல்ஸ் வித் டர்ட்டி ஃபேசஸ்' வருகிறது. ராக்கியும் ஜெர்ரியும் பால்ய நண்பர்கள். சின்ன வயதில் ரயில் பெட்டியில் திருடப் போய், வேகமாக ஓடிய ஜெர்ரி தப்பிக்கிறான், ராக்கி மாட்டுகிறான். ஒருவன் பாதிரியார், ஒருவன் கேங்ஸ்டர். பேட்டைப் பையன்களுக்கு ராக்கிதான் தெய்வம். மரண தண்டனைக்கு முன் ஜெர்ரி வந்து ஒன்று கேட்கிறார்: பயந்த மாதிரி சாகு. பையன்கள் உன்னை வெறுக்கட்டும்.

இந்தக் கோரிக்கையைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பாதிரியார் ஒரு கேங்ஸ்டரிடம், 'பையன்கள் உன்னைப் பார்த்துக் கெட்டுப்போகிறார்கள், உன் முடிவை அசிங்கமாக்கிக்கொள்' என்று கேட்கிறார். ஹாலிவுட்டின் விதித்தொகுப்பு காக்னியிடம் கேட்டதும் இதையேதான்! தெரிந்து செய்தார்களா தெரியாமல் செய்தார்களா என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. தணிக்கைக்கும் நடிகனுக்கும் நடந்த பேரம் அப்படியே ஒரு காட்சியாகப் படத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ராக்கி முடியாது என்கிறான். அவனுக்கு மிச்சமிருப்பதே அந்தப் பெயர்தான். ரிக்கோ எந்த வார்த்தைக்காக உயிரை விட்டானோ அதே வார்த்தையை இவனை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். நிமிர்ந்து நடக்கிறான். பிறகு திடீரென்று அலறல், கெஞ்சல். இங்கேயும் முகம் தெரிவதில்லை. சுவரில் நிழல் தெரிகிறது, குழாயை விடாமல் பற்றியிருக்கும் கைகள் தெரிகின்றன, குரல் கேட்கிறது. மறுநாள் பத்திரிகையில் ராக்கி கோழையாகச் செத்தான் என்று தலைப்புச் செய்தி.

நிஜமாகவே பயந்தானா, நண்பனுக்காக நடித்தானா? காக்னி தன் சுயசரிதையில், இரண்டுக்கும் இடம் விட்டுத்தான் நடித்தேன் என்கிறார். திரும்பத் திரும்பப் பார்த்தாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் அதைப் புதிராகப் பார்ப்பதில்லை. தணிக்கை கேட்டதை எழுத்துக்கு எழுத்து கொடுத்துவிட்டு, அதே நேரம் கொடுக்காமலும் இருந்துவிட்டார் மனுஷர். பையன்கள் ராக்கியைக் கைவிடலாம். பார்த்துக்கொண்டிருக்கும் நம்மால் முடிவதில்லை. கோழை என்று நம்பினால் பாவமாக இருக்கிறது, நடிப்பு என்று நம்பினால் கும்பிடத் தோன்றுகிறது. எந்தப் பக்கம் போனாலும் அனுதாபம் அவனுக்கே. 'ஸ்கார்ஃபேஸ்' மாற்று முடிவிலும் முகமில்லை, இங்கேயும் முகமில்லை. ஆனால் இங்கே நடிகன் இருக்கிறான். வித்தியாசம் அதுதான்.

ராபர்ட் வார்ஷோ 1948-ல் எழுதிய பிரபலமான கட்டுரை கேங்ஸ்டரைத் துன்பியல் நாயகன் என்றது. மேலே ஏறுவதே இவனுடைய குற்றம், ஏறியதாலேயே சாகிறான் என்பது சாராம்சம். நல்ல கட்டுரை. ஆனால் அது கதையைத்தான் பார்க்கிறது. ஒரே கதைச் சட்டகத்தில் ராபின்சன் சாவதும் காக்னி சாவதும் ஏன் ஒன்றாக இல்லை என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. 'தி ரோரிங் ட்வென்டீஸ்' (1939) பாருங்கள். ஹம்ஃப்ரி போகார்ட் கெஞ்சிக் கதறிச் சாகிறார், நமக்கு ஒன்றும் ஆவதில்லை. காக்னி குண்டடியோடு பனி படிந்த தெருவில் ஓடி, தேவாலயப் படிகளில் தள்ளாடி ஏறி, மறுபடி சரிந்து விழுகிறார். அது நடனமேதான். போகார்ட் தன் சாவைக் கண்டுபிடிக்க 1941-ன் 'ஹை சியரா' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு விலை இருக்கிறது, அதையும் சொல்லணும். பாதிரியார் பயந்தது பொய்யில்லை. காக்னியின் வசீகரம் கண்ணை மறைக்கிறது. 'பப்ளிக் எனிமி'யில் மே கிளார்க்கின் முகத்தில் பழத்தை வைத்துத் தேய்க்கும் காட்சி இன்றைக்கும் ஒரு ஜாலியான காட்சியாகப் பகிரப்படுகிறது. அந்தப் பெண்ணின் முகத்தை யார் பார்த்தார்கள்? சுடப்பட்டவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்கு ஞாபகம்? நடிகன் தன் சாவை மீட்டெடுத்த கையோடு அடுத்தவர் சாவையெல்லாம் மறக்கடித்துவிடுகிறான்.

இந்தக் கணக்கை ஓரளவாவது தீர்த்தது 'ஒயிட் ஹீட்' (1949) என்று நினைக்கிறேன். காக்னிக்கு 50 வயது, உடம்பு தடித்துவிட்டது, துள்ளல் இல்லை. கோடி ஜாரெட் தலைவலியில் துடிக்கும், அம்மாவின் மடியில் உட்காரும் கொலைகாரன். ரசாயன ஆலையின் எரிவாயுத் தொட்டி மேல் ஏறி நிற்கிறான். தூரத்திலிருந்து குண்டு மேல் குண்டாகப் பாய்கிறது, விழமாட்டேன் என்கிறான், சிரிக்கிறான். கடைசியில் தொட்டியைத் தானே சுட்டுத் தீக்கிரையாகிறான். இந்த முறை கெஞ்சல் இல்லை, பாதிரியார் இல்லை, பார்த்து வளரும் பையன்களும் இல்லை. வசீகரம் முழுசாகப் பைத்தியமாகிவிட்டது, கிட்டே போனால் சுடும் என்று நமக்குத் தெரிகிறது.

இவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் 'ஏஞ்சல்ஸ்' பாருங்கள். கடைசிக் காட்சியில் அந்தக் கைகளை மட்டும் கவனியுங்கள்.