துள்ளலைத் தாங்கும் தையல்

டிராம்போலினில் குழந்தை எம்பிக் குதிக்கும்போது, விரிப்புதான் ரப்பராக இழுபடுகிறது என்று தோன்றும். உண்மையில் விரிப்பு அவ்வளவாக நீள்வதில்லை. நீண்டு சுருங்குபவை சுற்றிலும் மாட்டியிருக்கும் எஃகு ஸ்பிரிங்குகள்.

சர்க்கஸில் பார் விளையாடுவோர் கீழே வலையில் விழுந்து எழும்பியதைப் பார்த்த ஜார்ஜ் நிஸ்ஸன், லாரி கிரிஸ்வோல்டுடன் சேர்ந்து 1930களில் அமெரிக்காவின் அயோவாவில் டிராம்போலினை உருவாக்கினார். அன்று இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். இன்று துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய், பாலிப்ரொப்பிலீன் நெசவு.

எனக்குப் பிடித்த இடம் விரிப்பின் விளிம்பு. கெட்டியான நாடாவை மடித்து, உலோக வளையங்களைக் கோத்து, வரிவரியாகத் தைத்திருப்பார்கள். குதிப்பவரின் முழு வேகத்தையும் வாங்கி ஸ்பிரிங்குக்குக் கடத்துவது அந்தத் தையல்தான். ஸ்பிரிங் மாட்டவும் முறை உண்டு: இங்கே ஒன்று மாட்டினால் நேர் எதிரே அடுத்தது. அப்போதுதான் எல்லாப் பக்கமும் இழுப்பு சமமாக இருக்கும்.

2000 சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து டிராம்போலின் பதக்க விளையாட்டு. போட்டி விரிப்பில் நைலான் பட்டைகளை இடைவெளி விட்டுப் பின்னுகிறார்கள். காற்று தடுக்காமல் ஊடே போய்விடும். அந்தரத்தில் புரளும் வீரருக்குத் தட்டும் கைதட்டலில், விளிம்பைத் தைத்தவருக்கும் பங்கு உண்டு.