பக்கத்து இருக்கை

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒரு பெண் எதற்காக வாசிக்க வேண்டும்? என் வீட்டில் துப்பாக்கி இல்லை. உரிமம் கேட்டு எந்த அலுவலகத்திலும் நான் நின்றதில்லை. ஜவ்வாது மலைக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் ஒன்று புரிந்தது. துப்பாக்கி வைத்திருப்பவனைவிட, அவன் பக்கத்தில் இருப்பவளுக்குத்தான் இந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டத்தின் 35-ஆம் பிரிவு அவளைப் பற்றியது. பலர் கூட்டாகக் குடியிருக்கிற, அல்லது பலரின் கூட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கிற வீட்டிலோ வாகனத்திலோ சட்டத்துக்குப் புறம்பான ஆயுதம் கிடைத்தால், அது அங்கே இருப்பது தெரிந்தவர் என்று நம்பக் காரணமுள்ள ஒவ்வொருவரும் தனியாளாகவே அந்தக் குற்றத்தைச் செய்தவராகக் கருதப்படுவார். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையதே. உரிமமில்லாத துப்பாக்கிக்கு 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தபட்சத் தண்டனையே இரண்டு ஆண்டு.

ஜமுனாமரத்தூர் பக்கம் சாமை புடைத்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் இதைத் தமிழில் சொன்னேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டார்: "தெரிஞ்சிருந்தாலே குத்தமா? வூட்ல எது எங்க இருக்குதுன்னு தெரியாத பொம்பள யாரும்மா இருக்கா?"

சட்டத்தின் மீதான என் விமர்சனம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தெரிந்திருப்பது வேறு, தடுக்க முடிவது வேறு. வீட்டை அறிந்திருப்பது பெண்ணின் வேலை. வீட்டில் முடிவெடுப்பது அவள் வேலை இல்லை. நாட்டுத் துப்பாக்கி பரணில் இருப்பது அவளுக்குத் தெரியும். அதை எடுத்து எறி என்று சொல்லும் அதிகாரம் அவளுக்கு உண்டா? குன்வந்த்லால் வழக்கில் 1972-இல் உச்ச நீதிமன்றம், ஆயுதத்தை 'வைத்திருத்தல்' என்றால் அதைப் பற்றிய அறிவு மட்டும் போதாது, அதன் மீது கட்டுப்பாடும் வேண்டும் என்றது. நியாயமான வாசிப்பு. ஆனால் 35-ஆம் பிரிவு 'கூட்டுக் கட்டுப்பாடு' என்று மட்டும் சொல்லவில்லை. 'கூட்டாகக் குடியிருத்தல்' என்று எழுதி, நடுவில் ஒரு 'அல்லது' போட்டிருக்கிறது. எந்த முடிவிலும் பங்கில்லாமல் குடியிருக்க மட்டுமே செய்கிற பெண்கள் அந்த 'அல்லது'க்குள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

துப்பாக்கியே இல்லாத மலையை நான் கற்பனை செய்யவில்லை. காட்டுப்பன்றி ஒரே இரவில் ஒரு வருடத்துச் சாமையை அழித்துவிடும். சட்டத்துக்கும் இது தெரியும். பயிர்க் காவலுக்கென்று உண்மையாகவே கேட்கப்படும், குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு 13-ஆம் பிரிவில் தனியிடமே இருக்கிறது. குடகு மலையில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் உரிமமே தேவையில்லை என்ற விலக்கு வெள்ளையர் காலத்திலிருந்து வருகிறது. 2019-இல் அதை மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தார்கள். ஜவ்வாது மலை மலையாளிப் பழங்குடிகளிடம் அதே வகைத் துப்பாக்கி இருந்தால், ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும், பிறகு சோதனை வரும். அங்கே பண்பாடு, இங்கே குற்றம். சோதனைக்கு ஆள் வரும்போது காட்டுக்குள் போய்விடுவது ஆண். வாசலில் நின்று பதில் சொல்வது பெண்.

உரிமம் இருந்தாலும் அதற்கு எல்லை உண்டு. எந்தப் பகுதிக்குள் செல்லும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அதைத் தாண்டி வண்டியில் எடுத்துப்போனால், உரிமம் பெற்ற துப்பாக்கியும் குற்றத்துக்குக் காரணமாகிவிடும். சந்தேகம் தரும் விதத்தில் ஆயுதம் கொண்டுபோகிறவரைப் பிடியாணை இல்லாமல் கைதுசெய்யும் அதிகாரத்தை 20-ஆம் பிரிவு போலீசுக்கு மட்டும் தரவில்லை, வாகனத்தில் வேலை செய்கிறவருக்கும் தருகிறது. பஸ் கண்டக்டரும் அதில் அடக்கம். இவ்வளவு கவனமாக எழுதிய சட்டம், 45-ஆம் பிரிவில் பணியிலிருக்கும் அரசு ஊழியர் சுமக்கும் ஆயுதத்துக்கு விலக்குக் கொடுத்துவிடுகிறது. சுமப்பதற்குத்தான் அந்த விலக்கு, சுடுவதற்கு இல்லை. ஆனால் மலைக்காரர்கள் எல்லையில் எதிர்கொள்வது அந்தத் துப்பாக்கியைத்தான்.

2015 ஏப்ரல் 7. திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புக்கான ஆந்திரச் சிறப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக்காரர்கள். ஜவ்வாது மலை ஆட்களும் அதில் உண்டு. கூலிக்கு மரம் வெட்டப் போகிறவர்கள். கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. சிலரை முதல்நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார்கள் தப்பி வந்தவர்கள். தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னும் அதைச் சொன்னார்கள்.

அந்தச் சாட்சியங்களில் ஒன்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. பஸ்ஸில் ஒருவர் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இருவரையும் கணவன் மனைவி என்று நினைத்த போலீஸ், அவரை விட்டுவிட்டு மற்றவர்களை இறக்கியது. அவர் பிழைத்தார்.

அந்தப் பெண் யாரென்று எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்தாள், அவ்வளவுதான். அவள் பக்கத்தில் இருந்ததால் ஓர் ஆண் குடும்பஸ்தன் ஆனான், குற்றவாளி ஆகாமல் தப்பினான். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அவன் பையில் ஆயுதம் இருந்து, அவள் உண்மையிலேயே அவன் மனைவியாக இருந்து, இருவரும் சொந்த வண்டியில் போயிருந்தால், பக்கத்து இருக்கையே அவளுக்கு எதிரான சாட்சி. பெண்ணின் அருகாமை ஆணுக்கு நற்சான்று. ஆணின் அருகாமை பெண்ணுக்குச் சந்தேகம். எல்லைச் சோதனையும் 35-ஆம் பிரிவும் ஒரே கண்ணால்தான் பார்க்கின்றன. இரண்டுக்கும் பெண் என்பவள் ஆணோடு ஒட்டியிருப்பவள்.

அந்த 20 பேரின் வீட்டுப் பெண்கள் அப்படி ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. கொல்லப்பட்ட ஒருவரின் மனைவி எல்லை தாண்டிப் போய், சுட்டவர்களின் மாநிலத்தில், தன் மொழி எழுதாத சந்திரகிரி காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தின் தலையீட்டில் கொலை வழக்குப் பதிவானது. துப்பாக்கியோடு நின்ற அரசை, வெறுங்கையோடு போய்க் கேள்வி கேட்ட பயணம் அது.

35-ஆம் பிரிவிலிருந்து அந்த 'அல்லது'வை எடுக்க வேண்டும். குடியிருந்தாள், தெரிந்திருந்தாள் என்பது போதாது; அவளால் தடுத்திருக்க முடியுமா என்று கேட்டு, முடியும் என்பதை நிரூபிக்கும் சுமையை அரசின் தலையில் வைக்க வேண்டும். இதை அந்த அக்காவிடம் சொன்னபோது முறத்தைக் கீழே வைத்தார்.

"அத எழுதிப் போடும்மா. எங்களையும் கேட்டுட்டுதான் எழுதினேன்னு அதுல போடு."

போட்டிருக்கிறேன்.