பால்மர நிழலும் இருவகைப் படச்சுருள்களும்

கறுப்பு வெள்ளைப் படச்சுருளின் தன்மையை முழுமையாக அறிய விரும்புவோருக்கு, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநில ரப்பர் தோட்டங்களைவிடப் பொருத்தமான களம் அரிது. செம்பனை பரவிவிட்ட இக்காலத்திலும் எஞ்சியிருக்கும் பால்மர நிரைகளில், விடியற்காலை ஒளி மங்கலாகப் பரவுகிறது. வெயில் ஏறியபின் அதே ஒளி இலைகளினூடே சிதறிக் கண்ணைக் கூசவைக்கிறது. கருத்த பட்டையையும், வெட்டுக்கோட்டில் வழியும் வெண்பாலையும், பால் வெட்டுபவரின் மாநிற முகத்தையும் ஒரே சட்டத்தில் சாம்பல் நிறத்தின் படிகளாக மாற்றவேண்டிய பொறுப்பு சுருளின்மேல் விழுகிறது.

இத்தோட்டங்களின் பழைய படங்களைப் பார்ப்பவர் முதலில் கருதவேண்டியது சுருளின் நிற உணர்வாகும். சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமேட்டிக் சுருள், இருட்டறையில் செவ்விளக்கின்கீழ் கழுவும் வசதியைத் தந்தாலும், நெற்றிக் குங்குமத்தைக் கரும்புள்ளியாகவும் மாநிற முகத்தை உள்ளதைவிடக் கருமையாகவும் காட்டும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமேட்டிக் சுருளே அம்முகங்களின் நுட்பமான நிறப்படிகளைத் தாளில் இறக்க வல்லது. 1948இல் மலாயாவில் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின்போது 12 வயது நிறைந்தோர் படம் ஒட்டிய அடையாள அட்டை பெறவேண்டியதானமையால், கறுப்பு வெள்ளை உருவப்படம் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயத்து வீடுகள்வரை சென்று சேர்ந்தது. ஆதலால் சுருளின் இயல்பை அறிவது, முன்னோரின் முகங்களைச் சரியாகப் படித்தறிவதற்கும் துணையாகும்.

பான்குரோமேட்டிக் சுருள்களிலும் படிக அமைப்பால் மரபு, நவீனம் என இருவகை உண்டு. மரபுச் சுருள் எனப்படுவது, ஒளியை ஏற்கும் வெள்ளி உப்புப் படிகங்கள் கனசதுரமாகவோ கூழாங்கல்போல் ஒழுங்கற்றோ அமைந்த சுருளாகும். 35 மி.மீ. வடிவில் 1954இல் வெளிவந்த கோடாக் டிரை-எக்ஸும், 1976இல் வந்த இல்ஃபோர்டு எச்பி5ம் இவ்வகையின் தலைசிறந்த சான்றுகள். பெரிதும் சிறிதுமாகக் கலந்த படிகங்கள் பலதரப்பட்ட ஒளியளவுகளை ஏற்பதால், ஒளியளவுக் கணிப்பு சற்றுத் தவறினும் இச்சுருள்கள் படத்தைக் காத்துவிடுகின்றன. படத்தில் மணல்போலத் தெரியும் வெள்ளித் திரளான துகள், மரப்பட்டையின் சொரசொரப்போடும் காய்ப்பேறிய உள்ளங்கையோடும் இயைந்து, தொட்டுணரத்தக்க ஓர் அழகைப் படத்துக்கு அளிக்கிறது.

1986இல் அறிமுகமான கோடாக் டி-மேக்ஸும், 1990இல் தொடங்கிய இல்ஃபோர்டு டெல்டா வரிசையும் நவீனச் சுருள்கள். இவற்றின் படிகங்கள் தட்டையாக்கப்பட்டமையால், குறைந்த வெள்ளியே அகன்ற பரப்பில் ஒளியை ஏற்கிறது. அதனால் அதே ஒளியுணர் வேகத்தில் துகள் நுண்மையாகி, இலை நரம்பும் பால் துளியின் விளிம்பும் துல்லியமாகப் பதிகின்றன. மங்கிய ஒளியில் இவற்றின் மேன்மை இன்னும் தெளிவு. நீண்ட நேரம் ஒளி காட்டும்போது சுருளின் உணர்திறன் குறைவதால், கணிப்பில் 10 விநாடி எனில் டிரை-எக்ஸுக்கு 50 விநாடி தேவைப்படுகிறது. டி-மேக்ஸுக்கோ 15 விநாடியே போதும். பனி படர்ந்த விடியலில் நிரைநிரையாக நிற்கும் மரங்களைப் பதிப்பதற்கு இது பெரும் கொடையாகும்.

ஆயினும் வெப்பமண்டலத்து இருட்டறை இக்கொடைக்கு விலை கேட்கிறது. பதிந்த உருவை வெளிக்கொணரும் கரைசலான உருத்துலக்கிக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் வெப்பம் 20 பாகை செல்சியஸ். இந்நாட்டுக் குழாய்நீரோ அதைவிட வெப்பமானது. பனிக்கட்டியால் குளிர்விக்கும் பொறுமையும் கடிகாரத்தை மதிக்கும் ஒழுங்கும் இல்லாவிடில், நவீனச் சுருளில் பாலின் வெண்மை விவரமற்ற வெற்றிடமாகிவிடும். படத்தை நிலைப்படுத்தும் கரைசலிலும் நவீனச் சுருளைக் கூடுதல் நேரம் வைக்கவேண்டும். மரபுச் சுருள் இத்தகைய சிறு பிழைகளைப் பெரிதும் பொறுத்துக்கொள்கிறது.

ஆகவே விடியற்காலை மரங்களுக்கு நவீனச் சுருளும், உழைப்பாளியின் முகத்துக்கும் கைகளுக்கும் மரபுச் சுருளும் ஏற்றவை என்பதே சீர்தூக்கிப் பார்க்கையில் கிடைக்கும் முடிவு. இரண்டிலும் உருவத்தைத் தாங்குவது ஜெலட்டின் படலமே. ஈரக்காற்றில் அதன்மேல் பூஞ்சை எளிதில் படரும். தோட்ட வாழ்வைப் பதிந்த நெகட்டிவ்களை வைத்திருக்கும் குடும்பங்கள் அவற்றை இன்றே உலர்ந்த, குளிர்ந்த இடத்துக்கு மாற்றிப் பேணுதல் வேண்டும்.