ஷானனின் ஆய்வேட்டைக் காட்டி பயமுறுத்தாதீங்க

முதுகலை ஆய்வேடு எழுதப் போகிற பிள்ளைகளிடம் யாராவது ஒருவர் கிளாட் ஷானனின் பெயரை எடுத்துவிடுவார். 1937-ல், 21 வயசில், எம்ஐடியில் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடுதான் இன்றைய டிஜிட்டல் சுற்றுகளுக்கு அடித்தளம். கேட்கிற பிள்ளைக்கு 'நம்மால எங்க முடியும்' என்றுதான் தோன்றும். நான் வெறும் பி.இ. தான், எனக்கும் அப்படித்தான் இருந்தது. சமீபத்தில்தான் உட்கார்ந்து முழுசா படித்தேன். பயம் போய்விட்டது.

அதில் புதுக் கணிதம் எதுவும் இல்லை. ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதப் புத்தகம் 1854-லேயே வந்தாச்சு. மிச்சிகனில் இளங்கலை படிக்கும்போது ஷானனுக்கு அது அறிமுகம். ரிலேக்களும் புதுசில்லை, அன்றைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் அவற்றை வைத்துத்தான் ஓடின. எம்ஐடியில் வன்னிவர் புஷ்ஷின் டிஃபரன்ஷியல் அனலைசரில் வேலை பார்த்தபோது, அதன் ரிலே சுற்றுகளோடு இவர் நன்றாகவே பழகியிருந்தார்.

இந்த இரண்டையும் பொருத்தியதுதான் ஆய்வேடு. சுற்றைச் சமன்பாடாக எழுது, சமன்பாட்டைச் சுருக்கு, சுருங்கியதை வைத்துக் குறைந்த பாகங்களோடு சுற்றை வரை. அவ்வளவுதான். கடைசிப் பகுதியில் மின் எண்பூட்டு, வாக்கு எண்ணும் சுற்று, இரும எண் கூட்டி என்று வரைந்தே காட்டிவிடுகிறார். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

குறையும் உண்டு. மூடிய சுற்றுக்கு 0, திறந்ததுக்கு 1, தொடர் இணைப்புக்குக் கூட்டல் என்று வைத்திருக்கிறார். இன்றைய பழக்கத்துக்கு இது தலைகீழ். ஆரம்பத்தில் நான் நன்றாகவே குழம்பினேன்.

இன்னொரு விஷயம். ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானில் அகிரா நகாஷிமாவும் சோவியத் யூனியனில் விக்டர் ஷெஸ்தகோவும் தனித்தனியாக இதே யோசனைக்கு வந்தார்கள். காலம் கனிந்திருந்தது, ஷானன் அதைத் தெளிவாக எழுதினார்.

ஆக, முதுகலை மாணவரிடம் எதை எதிர்பார்க்கலாம்? கைக்கு எட்டுகிற ஒரு கேள்வி, நன்றாகத் தெரிந்த ஒரு கருவி, அது வேலை செய்கிறது என்பதற்குச் சில முழுமையான உதாரணங்கள். இவ்வளவும் ஷானனிடம் இருக்கு, மற்றவர்களாலும் முடியும். உலகத்தையே மாற்றியது அதற்குப் பின்னால் நடந்த கதை. அதை எந்த வழிகாட்டியும் மாணவரிடம் முன்கூட்டியே கேட்க முடியாது, கேட்கவும் கூடாது.