லாடர்டேலின் வெள்ளி முகம்

ஸ்காட்லாந்தில் லாடர்டேல் கோமகன் ஜான் மெய்ட்லண்டைப் பிடித்தவர்கள் சொற்பம். இரண்டாம் சார்லஸின் அமைச்சராக 1660 முதல் 1680 வரை அந்நாட்டைக் கைக்குள் வைத்திருந்தவர். இளமையில் தாம் சேர்ந்திருந்த பிரெஸ்பிட்டீரிய உடன்படிக்கைக் கட்சியினரையே பின்னாளில் ஒடுக்கியவர். அவர் கோமகனான 1672இல் ஜான் ரோட்டியர்ஸ் செய்த பதக்கத்தை வெறும் முகஸ்துதி என்று தள்ளிவிடத் தோன்றும். பின்பக்கத்தைப் பொறுத்தவரை அது சரிதான். மினர்வா தேவி ஈட்டியோடு உட்கார்ந்து குடும்பச் சின்னம் பொறித்த கேடயத்தைத் தாங்குகிறாள்; அறிவையும் துணிவையும் சொல்லும் லத்தீன் குடும்ப வாசகம் உடன் இருக்கிறது. காசு கொடுத்தால் எந்தப் பிரபுவுக்கும் கிடைக்கக்கூடிய தேவி!

முன்பக்கத்தில் இருப்பவர் அப்படிக் கிடைப்பவர் அல்ல. கனத்த தாடை, தடித்த கன்னம், தோளில் புரளும் முடி. அவரை நேரில் அறிந்த கில்பர்ட் பர்னெட், பெருத்த உடல், செம்முடி, வாய்க்குள் அடங்காத நாக்கு, பேசினால் எதிரிலிருப்பவர்மேல் தெறிக்கும் எச்சில் என்று எழுதிவைத்திருக்கிறார். செம்முடியையும் எச்சிலையும் வெள்ளி காட்டாது, கனத்தைக் காட்டும். பதக்கக் கலையில் எதுவும் தானாக நேர்வதில்லை. எஃகு அச்சில் பள்ளமாக இறங்குவதுதான் வெள்ளியில் மேடாக எழும். அந்தக் கன்னத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தே செய்தது. ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த ரோட்டியர்ஸுக்கு மெருகேற்றத் தெரியாதா என்ன? அரசவை அழகி பிரான்சிஸ் ஸ்டூவர்ட்டின் முகச்சாயலில் அவர் ஒரு பதக்கத்தில் செதுக்கிய பிரிட்டானியா தேவியைப் பார்த்து நாட்குறிப்பாளர் பெப்பிஸ் 1667இலேயே வியந்திருக்கிறார். இழைக்கத் தெரிந்த கை இங்கே இழைக்காமல் விட்டிருக்கிறது.

பருமனை அந்தக் காலம் கம்பீரமாகத்தானே பார்த்தது என்று கேட்கலாம். கோமகனும் அப்படித்தான் பார்த்து மகிழ்ந்திருப்பார். அதனால் வாதம் பலவீனப்படவில்லை. நண்பனுக்குக் கம்பீரமாகவும் பகைவனுக்குப் பேராசையாகவும் ஒரே தாடை தெரிவதுதான் இந்தப் பதக்கத்தின் திறமை. கொடுமையை அந்த முகத்தில் தேடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உடன்படிக்கைக் கட்சியினர் மிகுந்த ஸ்காட்லாந்தின் மேற்குப் பகுதி மக்களின் வீடுகளில் மலைநாட்டுப் படையைத் தங்கவைத்து அவர் சூறையாட விட்டது 1678இல். பதக்கத்துக்கு ஆறு ஆண்டு கழித்து. நமக்குப் பின்னால் தெரிந்ததைச் செதுக்கியவன்மேல் ஏற்றக்கூடாது. அங்கே இருப்பது கேள்வி கேட்பாரற்ற ஒருவரின் திருப்தி, அவ்வளவுதான். கொடுங்கோலனின் பதக்கத்தை ரசிக்கலாமா என்பவர்கள் மினர்வாவைத்தான் ஒதுக்கவேண்டும். கண்ணாடிப் பேழையில் ஒரு பக்கத்துக்குத்தான் இடமென்றால் முகத்தை மேலே வைக்கட்டும்.